காசு நம்முடையது, பூட்டு யாருடையது?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவிலே ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். தோளோடு தோள் உரசும் கூட்டம். முழம் அகலக் கடைகள். கடைக்குக் கடை வயிறு பிளந்து கிடக்கும் கைப்பேசிகள். அந்தக் கூட்டத்திலே ஒரு தாய் வருகிறாள். கைக்குட்டையிலே சுற்றிய பொருளைப் பிரித்து நீட்டுகிறாள். அமெரிக்காவிலே வேலை பார்க்கும் மகன், தான் புதியது வாங்கியதும், பழைய கைப்பேசியை அம்மாவுக்கென்று அனுப்பியிருக்கிறான். பார்வைக்குக் குறையில்லை, கீறல்கூட இல்லை. ஆனால் நம் ஊர் சிம் கார்டைப் போட்டால் "இந்த சிம் செல்லாது" என்கிறது! கடைக்காரர் வாங்கிப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார்.

"லாக் போனும்மா இது. அங்கேயே திறந்து அனுப்பியிருக்கணும்."

"என்னப்பா சொல்றே? காசு குடுத்து வாங்குனதுதானே?"

"காசு குடுத்தாச்சும்மா. பூட்டு அவங்களது."

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார் கடைக்காரர். சிரிப்புக்குரிய செய்தியா அது? மகன் உழைத்தான், மாதத் தவணை கட்டினான், கடைசிக் காசுவரை கட்டி முடித்தான், பெற்றவளுக்கு அனுப்பி வைத்தான். கருவி இதோ அவள் கையிலே இருக்கிறது. அதன் குடுமியோ கடலுக்கு அப்பால், ஒரு கம்பெனியின் கணிப்பொறியிலே இருக்கிறது!

திண்டுக்கல்லுக்குச் சென்று பூட்டு வாங்குகிறோம். சாவியையும் சேர்த்தே கையிலே கொடுக்கிறார்கள். "பூட்டை நீ எடுத்துப் போ, சாவி என்னிடமே இருக்கட்டும், உன் வீட்டுக் கதவை நீ திறக்கவேண்டுமானால் எனக்கு விண்ணப்பம் போடு" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், மறுநாள் அவர் அந்த ஊரிலே கடை திறக்க முடியுமா? திண்டுக்கல்லிலே செல்லாத வாதம், தொலைபேசிக் கம்பெனியார் பேசினால் மட்டும் செல்லுபடியாகிவிடுகிறது!

இந்தப் பூட்டிலே மாயமொன்றும் இல்லை. ஒவ்வொரு சிம் கார்டும் தனக்குள் ஓர் எண்ணைச் சுமந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. அடுத்த இலக்கங்கள் கம்பெனியைச் சொல்லும். பூட்டிய கைப்பேசி, கார்டைப் போட்டதும் அந்த எண்ணைப் படிக்கிறது. தன் எசமானனின் எண்ணா என்று பார்க்கிறது. இல்லையென்றால் வாயை மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான். பழைய கருவிகளிலே ஓர் இரகசிய எண்ணை அழுத்தினால் பூட்டு விழும்; தவறாகச் சில முறை அழுத்தினால் கருவி நிரந்தரமாக இறுகிக்கொள்வதும் உண்டு. ஐபோன் போன்ற கருவிகளிலே அந்த எண்ணும் இல்லை. கம்பெனி மனம் வைத்து, தன் கணிப்பொறியிலே "விடுவித்தோம்" என்று குறித்தால்தான் விடுதலை.

கம்பெனியார் காரணம் சொல்லாமல் இல்லை. "கருவியை மலிவாகக் கொடுத்தோம், வாங்கியவர் மறுநாளே மாற்றாரிடம் ஓடிவிட்டால் எங்கள் முதல் என்னாவது?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குத்தான் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருக்கிறார்களே! இடையிலே விலகினால் இவ்வளவு தண்டம் என்று அதிலே பொடி எழுத்திலே போட்டிருக்கிறார்களே! தண்டத்துக்கு மேல் பூட்டு எதற்கு? தவணை முடியும்வரை பூட்டு என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். தவணை தீர்ந்த பின்னும் ஏன் தொங்குகிறது? கடன் தீர்ந்தும் பத்திரத்தைத் திருப்பித் தராத லேவாதேவிக்காரனை நம் ஊர் அறியும். அவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயரையும் அறியும்.

இந்தப் பூட்டைத் தொட்டாலே குற்றம் என்று சட்டம் பேசிய நாடு ஒன்று உண்டு. உரிமைக்கு வானுயரச் சிலை வைத்திருக்கும் அமெரிக்க நாடுதான் அது! 1998இல் அங்கே ஒரு பதிப்புரிமைச் சட்டம் வந்தது. படத்தையும் பாட்டையும் களவாடுவோரைத் தடுக்க வந்த சட்டம். கணிப்பொறிப் பூட்டு எதையும் உடைக்கக் கூடாது என்றது. எலிக்கு வைத்த பொறியிலே எவரெவரோ சிக்கினார்கள். கைப்பேசி வைத்திருந்தவரும் சிக்கினார். விலக்கு வேண்டுமானால் யாரிடம் போகவேண்டும் தெரியுமா? மூன்றாண்டுக்கு ஒருமுறை, நாடாளுமன்ற நூலகரிடம்!

நூலகம் என்றால் நமக்கு உயிர். அறிஞர் அண்ணா பெயராலே கோட்டூர்புரத்திலே 2010இல் நூலகம் எழுப்பிய இயக்கம் இது. நூலகரை நாம் குறைத்துப் பேசுவோமா? ஆனால் செல்போன் பூட்டுக்குத் தீர்ப்பு நூலகர் கையிலே என்றால், அந்த ஏற்பாட்டை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை. 2006இலும் 2010இலும் "திறந்துகொள்ளலாம்" என்று விலக்கு அளித்தார்கள். 2012 அக்டோபரிலே அன்றைய நூலகர் ஜேம்ஸ் பில்லிங்டன் அதைப் புதுப்பிக்க மறுத்தார். "கம்பெனியார் கேட்டால் திறந்து தருகிறார்களே, விலக்கு எதற்கு?" என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களிலே ஒன்று. சிறைக் காவலர் நல்லவர், ஆகவே கைதிக்கு மேல்முறையீடு வேண்டாம் என்பதைப் போல!

2013 சனவரி 26. நாம் இங்கே குடியரசு நாள் கொண்டாடிக்கொண்டிருந்த அதே நாளில், அங்கே அந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் வாங்கும் கைப்பேசியைக் கம்பெனியின் ஒப்புதலின்றித் திறந்தால் சட்டமீறல். ஆதாயம் கருதித் தெரிந்தே செய்தவருக்கு, முதல் முறையே ஐந்தாண்டுவரை சிறை, ஐந்து இலட்சம் டாலர்வரை தண்டம்! பழைய கருவியைத் திறந்து விற்று வயிறு வளர்க்கும் சிறு கடைக்காரரை நினைத்துப் பாருங்கள்.

மனுப் போட்டு என்ன கண்டோம் என்று நம்மிலே சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அவர்கள் இதைக் கேட்கவேண்டும். ஓர் இலட்சம் பேர் ஒப்பமிட்டால் வெள்ளை மாளிகை பதில் சொல்லும் என்பது அப்போதைய ஏற்பாடு. பெரிய கட்சி எதுவும் முன்னே நிற்கவில்லை. பொதுமக்களிலே ஒருவர் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள்ளாக 1,14,000 பேருக்கு மேல் ஒப்பமிட்டார்கள். மார்ச் 4ஆம் நாள் வெள்ளை மாளிகை இறங்கி வந்தது. சட்டமன்றத்திலே இழுபறி இல்லாமல் போகவில்லை. தனி ஒருவர் தன் கைப்பேசியைத் திறந்துகொள்ளட்டும், ஆனால் விற்பதற்காக மொத்தமாகத் திறக்கும் வணிகருக்குச் சலுகை இல்லை என்று ஒரு வாசகத்தைக் கீழவையிலே நுழைத்துப் பார்த்தார்கள். பழைய பொருள் வணிகத்தின் கழுத்திலே வைத்த கத்தி அது! மேலவையின் மசோதாவிலே அந்த வாசகம் இல்லை, அதுவே நிலைத்தது. 2014 ஆகஸ்ட் 1இல் குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்டார். உடைமையாளர் தாமே திறக்கலாம், அவர் சொல்படி பிறரும் திறந்து தரலாம் என்றாயிற்று.

வெற்றிதான், ஆனால் முழு வெற்றியா? கூர்ந்து பார்த்தால் குறை தெரியும். திறப்பது குற்றமல்ல என்றுதான் அந்தச் சட்டம் சொன்னது. பூட்டாதே என்று கம்பெனிக்குச் சொல்லவில்லை, சாவியைக் கொடு என்றும் சொல்லவில்லை. சிறைக் கதவைத் தள்ளினால் தண்டனை இல்லை என்றார்கள், கதவைத் திறந்துவிடவில்லை. கம்பெனிகள் தாமாக ஓர் ஒழுக்க விதி வகுத்துக்கொண்டு, தவணை தீர்ந்தோருக்குத் திறந்து தருவோம் என்றன. அதன் பயன் யாருக்கு? முதலிலே வாங்கியவருக்கு, கணக்கு யார் பெயரிலே இருக்கிறதோ அவருக்கு. இரண்டாம் கையாக வாங்கியவர் போய்க் கேட்டால் "உங்கள் கணக்கு எண் என்ன?" என்கிறார்கள். அவரிடம் கணக்கு ஏது? விற்றவர் யாரென்றே தெரியாதே! வசதி படைத்தவர் புதியது வாங்குகிறார். வசதி இல்லாதவர் பழையது வாங்குகிறார். பூட்டின் பாரம் யார் தலையிலே இறங்குகிறது என்பதை இதற்கு மேல் விளக்கவேண்டுமா?

ஆணையம் கொடுத்த சலுகை நிலைக்காது என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. 2008இல் வெரைசான் கம்பெனி அலைக்கற்றை ஏலம் எடுத்தபோது, கருவிகளைப் பூட்டாதே என்பது அந்த அலைக்கற்றையோடு வந்த கட்டளை. 2019இல் மோசடியைக் காரணம் காட்டி 60 நாள் பூட்டிக்கொள்ள விலக்குப் பெற்றார்கள். 2025இல் அந்த 60 நாள் வரம்பும் வேண்டாம் என்று மனுச் செய்தார்கள். 2026 சனவரியிலே அதற்கும் விலக்குக் கிடைத்துவிட்டது! கட்டளையை ஏற்று அலைக்கற்றையை எடுத்தார்கள். அலைக்கற்றை கையிலே இருக்கிறது, கட்டளை காற்றிலே போயிற்று.

திருட்டைத் தடுக்கத்தானாம் பூட்டு! கைப்பேசி ஒவ்வொன்றுக்கும் 15 இலக்க அடையாள எண் உண்டே. *#06# என்று அழுத்தினால் திரையிலே தெரியுமே. களவுபோன கருவியின் எண்ணை எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து முடக்கினால் எந்த சிம்மும் அதிலே வேலை செய்யாது. நம் நாட்டிலேயே 2023முதல் நாடு முழுவதற்குமாக அந்த ஏற்பாடு நடக்கிறது. திருடனுக்கு வலை அது. கம்பெனிப் பூட்டோ, விலை கொடுத்து வாங்கியவருக்குப் போட்ட விலங்கு. திருடன் தன் கருவியிலே பூட்டிய கம்பெனியின் சிம்மைப் போட்டால், அந்தப் பூட்டு அவனை ஒன்றும் கேட்பதில்லையே!

பூட்டு இல்லாவிட்டால் தொழில் நொடித்துப்போகும் என்பாருக்குக் கானடாவைக் காட்டுவோம். பூட்டைத் திறக்கக் கட்டணம் என்று 2016ஆம் ஆண்டிலே மட்டும் 3.77 கோடி கானடா டாலர் வாங்கினார்கள் அங்கே. தாம் போட்ட முடிச்சைத் தாமே அவிழ்க்கக் கூலி! 2017 டிசம்பர் 1முதல் கட்டணம் கூடாது, புதுக் கருவியைப் பூட்டியே விற்கக் கூடாது என்று அவர்களுடைய ஆணையம் உத்தரவிட்டது. 2021 டிசம்பரிலே பிரிட்டனும் பூட்டிய கைப்பேசி விற்பதைத் தடுத்தது. அந்த நாடுகளிலே எந்தக் கம்பெனி தெருவுக்கு வந்துவிட்டது?

இனி நம் கதை. இங்கே பெரும்பாலும் பூட்டில்லாத கருவிதான் விற்கிறது; அதனால் நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். இருக்கலாகாது. 2003இல் 501 ரூபாய்க்குக் கைப்பேசி என்று ரிலையன்ஸ் முழங்கியபோது, மாற்றிப் போடக் கார்டே இல்லாத கருவிதான் கைக்கு வந்தது. 2017இல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு வந்த ஜியோ போனும் ஜியோ சிம்முக்கே கட்டுப்பட்டது. மலிவுக் கருவி எந்த வாசல் வழியே வருகிறதோ, அந்த வாசல் வழியேதான் பூட்டும் வருகிறது.

டில்லி என்ன செய்தது? ஐபோனை இரண்டே கம்பெனிகளின் வழியாகப் பூட்டி விற்றதை எதிர்த்து, 2011இல் நுகர்வோர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் முறையிட்டார். 2013 மார்ச்சிலே தீர்ப்பு வந்தது. சந்தையிலே அந்தக் கருவியின் பங்கு மிகச் சிறியது, போட்டிக்குப் பெருங்கேடு இல்லை என்று சொல்லி முறையீட்டை முடித்துவைத்தார்கள். அதே மார்ச்சிலேதான் வெள்ளை மாளிகை மக்களுக்கு இறங்கி வந்தது! ஆணையம் எண்ணியது கம்பெனிகளின் பங்கை. பூட்டிய கருவியைக் கையிலே வைத்திருப்பவருக்கு அவர் பங்கு நூற்றுக்கு நூறு அல்லவா?

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இதற்கு ஒரு வரிகூட எழுத முடியாது. தொலைபேசியும் கம்பியில்லாத் தொடர்பும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையிலே, ஒன்றியப் பட்டியலின் 31ஆவது இனமாக டில்லியின் பெட்டிக்குள்ளே இருக்கின்றன. அதிகாரத்தை அள்ளி வைத்துக்கொண்டவர்கள் அதற்குரிய வேலையையாவது செய்யவேண்டும். எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் உரிமையை 2011 சனவரி 20இல் நாடு முழுவதற்கும் கொடுத்தார்கள், நல்லது. எண் போகலாம், கருவி போகக் கூடாது என்றால் அது அரை உரிமை. பணம் தீர்ந்த நாளிலே, விண்ணப்பமும் கட்டணமும் இன்றிப் பூட்டுத் தானே விழவேண்டும். கருவி கைமாறினால் அந்த உரிமையும் உடன் போகவேண்டும். பூட்டிய கருவியானால் பெட்டியின் மேல் தமிழிலே, கண்ணிலே படும் எழுத்திலே எழுதியிருக்கவேண்டும். இதைச் சட்டமாக்க எண்ணம் உண்டா, இல்லையா என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கூட்டத் தொடரிலேயே கேட்கவேண்டும்.

அயல்நாட்டிலிருக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு சொல். பழைய கைப்பேசியை வீட்டுக்கு அனுப்புமுன், கணக்கு உங்கள் பெயரிலே இருக்கும்போதே, தவணையை முடித்துப் பூட்டை விடுவிக்கக் கேளுங்கள். ஐபோனானால் செட்டிங்ஸிலே ஜெனரல், அபவுட் என்று போய், 'கேரியர் லாக்' என்ற வரிக்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்கிறதா எனப் பார்த்தபிறகே பெட்டியிலே வையுங்கள். ரிச்சித் தெருக் கடைக்காரரும் அந்தத் தாயிடம் இதையே சொல்லி, மகனுக்கு இரவு போன் போடச் சொன்னார். அவள் கைப்பேசியை மறுபடி கைக்குட்டையிலே சுற்றிக்கொண்டு, பேருந்துக்கு நடந்தாள்.