எட்டு மணிகளின் மரபும் அதன் விமர்சகர்களும்

யப்பானிய இலக்கிய வரலாற்றில் நவீன நாவலின் எல்லைக்கல்லாகக் கொள்ளப்படுவது, 1885-86 இல் வெளிவந்த சுபோஉச்சி ஷோயோவின் ‘நாவலின் சாரம்’ என்னும் விமர்சன நூலாகும். யதார்த்தத்தை வலியுறுத்திய அந்நூல், கியொகுதெய் பக்கின் (1767-1848) இயற்றிய ‘நான்சோ சதொமி ஹக்கென்தென்’ என்னும் நெடும் புனைவினைக் கடுமையாகச் சாடிற்று. அதன் எட்டு வீரர்களும் மனிதர்களல்லர், அறங்களின் உருவகங்களே என்பது ஷோயோவின் குற்றச்சாட்டு. மங்கா என்னும் சித்திரக்கதையையும் அனிமே என்னும் அசைவுச் சித்திரத்தையும் வெறும் வணிகச் சரக்கென இன்று ஒதுக்குவோர், தம்மையறியாமலே அப்பழைய தீர்ப்பினை மீள வாசிக்கின்றனர்.

அத்தீர்ப்பு எதனைக் காணத் தவறியது? ஹக்கென்தென் 1814 முதல் 1842 வரை, 28 ஆண்டுகளாகத் தொடர்ந்து, 106 புத்தகங்களாக வெளிவந்தது. பார்வையை இழந்த பக்கின், தம் மருமகளுக்கு எழுத்துகளைக் கற்பித்து, வாயாற் சொல்லியே அதனை நிறைவு செய்தார். படங்களுடன் பகுதி பகுதியாக அச்சாகி, வாடகை நூல் வணிகர்களின் வழியே அது பொதுமக்களைச் சென்றடைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் வாடகைக் கடைகள் மங்காவை வளர்த்தன. விவசாயிகளின் கிளர்ச்சியைச் சித்திரித்த ஷிராதோ சன்பெயின் ‘நிஞ்சா புகெய்ச்சோ’ (1959-62) அக்கடைகளுக்கென வரையப்பட்டதே. எனவே, மரபின் தொடர்ச்சியைக் கதைப்பொருளில் மட்டும் தேடுதல் போதாது. படமும் எழுத்தும் இணைந்த தொடர்வெளியீட்டு முறையிலும் அது தேடப்படல் வேண்டும்.

கதைப்பொருளின் தொடர்ச்சியும் மறுக்கவொண்ணாதது. இளவரசி ஃபுசே உயிர்துறக்கும் வேளையில் அவளது செபமாலையின் எட்டு மணிகள் வானிற் சிதறுகின்றன. அன்பு, நீதி, ஒழுக்கம், அறிவு, விசுவாசம், வாய்மை, பெற்றோர்ப் பணிவு, மூத்தோர்ப் பணிவு என ஒவ்வொரு மணியும் ஓர் அறத்தின் எழுத்தைத் தாங்குகின்றது. அம்மணிகளுடன் வெவ்வேறிடங்களிற் பிறந்த எண்மர் ஒருவரையொருவர் கண்டடைந்து ஒன்றுசேர்கின்றனர். 1973 இல் தொலைக்காட்சிப் பொம்மலாட்டமாகவும், 1983 இல் திரைப்படமாகவும், 1990 இல் அனிமேயாகவும் இக்கதை மறுபிறப்பெடுத்தது. 1984 இல் தொடங்கிய ‘டிராகன் போல்’ மங்காவில் வரும் ஏழு கோளங்களுக்கும் இந்நூலின் மணிகளே தூண்டுதல் என அகிரா தொரியாமா கூறியுள்ளார்.

இவற்றைக் காட்டித் ‘தூய தேசிய மரபு’ என மார்தட்டுவோரும் தவறிழைக்கின்றனர். பக்கினே சீனத்தின் ‘நீர்க்கரை’ நாவலுக்குப் பெரிதும் கடன்பட்டவர். தொரியாமாவின் நாயகனும் சீனத்தின் ‘மேற்குப் பயணம்’ தந்த குரங்கரசனின் வழித்தோன்றலே. மேலும், பக்கினின் அறங்கள் நிலப்பிரபுவுக்குத் தொண்டு செய்யும் அறங்களாகும். அவற்றைக் கேள்வியின்றிப் போற்றுதல் விமர்சனமாகாது.

ஆயின், மணிக்கு நேர்ந்த மாற்றமே இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பக்கினின் மணி மனிதரை ஒன்றுசேர்த்தது. தொரியாமாவின் கோளத்தைக் கைப்பற்ற மனிதர் போட்டியிடுகின்றனர். அறத்தின் எழுத்து இருந்த இடத்தில் நட்சத்திரங்கள் உள்ளன. ஏழையும் சேர்த்தவனுக்கு விரும்பிய வரம் கிட்டுகின்றது. கடமையின் சின்னம் ஆசையின் கருவியாயிற்று. நிலப்பிரபுத்துவ அறம் தேய்ந்து, நுகர்வுச் சமூகத்தின் வேட்கை மேலெழுந்த வரலாறே அச்சிறு கோளத்தினுள் அடங்கியிருக்கின்றது.

யதார்த்தவாதம் சமூகத்தைக் காணும் ஒரு வழி; அதுவே ஒரே வழியென்பது மூடநம்பிக்கை. கோடிக்கணக்கானோரின் கற்பனையை உருவாக்கும் வடிவத்தை ஆராய மறுக்கும் விமர்சனம் அவ்வடிவத்தை அழிப்பதில்லை. அதனைச் சந்தையின் கையில் ஒப்படைத்து விடுகின்றது. பக்கினைப் புறக்கணித்தலோ வழிபடுதலோ அன்று, அவருடைய மணிகள் யார் கையில், எதற்காக உருமாறின என வினவுதலே இன்றைய ஆய்வாளரின் கடன்.