பாஸ்டன் தேயிலை தெரியும், பொன்னேரி வரி தெரியாது

பாஸ்டன் தேநீர் விருந்தை ஒப்பிக்காத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இல்லை. 1773-இல் கடலில் கொட்டப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. அதே கம்பெனிதான் 1763-இல் ஆற்காடு நவாபிடம் செங்கல்பட்டு ஜாகீரை வாங்கி, பொன்னேரிப் பக்கத்து நிலவரியையும் கைக்குள் போட்டுக்கொண்டது. இதை எந்த வகுப்பில் நடத்துகிறோம்?

அமெரிக்கப் போரில் பிரான்ஸ் இறங்கியதும், 1779-இல் கம்பெனி பிரெஞ்சு மாஹேயைப் பிடித்தது. ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்த துறைமுகம் அது. மறுவருஷமே அவர் படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. (நம் கிராமங்களையும் கொளுத்தினார்கள், ஹைதரை நான் புனிதராக்கவில்லை.) வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வந்த கர்னல் பெய்லி, கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தில் பல நாள் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார். பிறகு புள்ளலூரில் அவர் படையே அழிந்தது. 1782-இல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பலுக்கு வைத்த பெயர் ‘ஹைதர் அலி’!

அவர்களுக்குத் தெரிந்த சண்டை, காரனோடை பாலத்தில் தினம் கொசஸ்தலையைத் தாண்டி சிப்காட் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ‘உள்ளூர் வரலாறு பரீட்சைக்கு வராது சார்’ என்கிறார்கள் இன்றைய ஆசிரியர்கள். காலாண்டு மாதிரித் தேர்வுக்குக் கேள்வி எடுப்பது யார்? நீங்கள்தானே! இரண்டு மார்க்குக்காவது போடுங்கள். பேப்பர் திருத்த ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன்.