குளிரும் பந்தின் தொலைவும்

‘குளிரில் பந்து போக மறுக்கிறது’ என்பது மார்கழி, தை மாதங்களில் மலையில் கோல்ஃப் ஆடுவோரின் முறையீடு. இத்தலாரில் அம்மாதங்களின் குளிர் உறைபனியாகவே வந்திறங்கும். அதை அடுத்த உதகையின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஜிம்கானா மன்றத்தின் கோல்ஃப் திடல் உள்ளது. ஆதலின் இம்முறையீட்டை எடைபோட இதனினும் பொருத்தமான இடம் இராது. இதில் பாதி உண்மை. மறுபாதி, மலைக்கு நாம் சொல்ல மறந்த நன்றி என்பதே நம் கருத்து.

உண்மையை முதலில் கொள்வோம். குளிர்ந்த காற்று செறிவானது. வெப்பம் 25 பாகையிலிருந்து 5 பாகை செல்சியசுக்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. அடர்ந்த காற்று பந்தை மிகுதியாகத் தடுக்கிறது. 250 கெஜம் செல்லும் அடி, இதனால் மட்டும் ஏறத்தாழ 5 முதல் 10 கெஜம் வரை குறையலாம்.

இனி மறுபாதி. உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கினும் சற்றே மிகுதி, அவ்வளவுதான். கணக்கிட்டுப் பார்த்தால், 5 பாகைக் குளிரிலும் உதகைக் காற்று, 30 பாகை வெயிலில் காயும் சென்னைக் காற்றைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு மெலிந்தே இருக்கிறது. குளிர் எடுத்துக்கொள்வதினும் உயரம் கொடுப்பதே மிகுதி. உதகையின் காலையை உதகையின் நண்பகலோடு ஒப்பிட்டால் மட்டுமே முறையீடு செல்லும்.

காற்றை மட்டும் பழிப்பதும் முறையன்று. குளிர்ந்த பந்து தன் மீள்திறனில் சிறிது இழக்கிறது; மட்டையை விட்டு விரைந்து எழுவதில்லை. விறைத்த தசையும் கனத்த கம்பளியும் வீச்சைச் சுருக்குகின்றன. குளிர் பொருளின் இயல்பை மாற்றும் என்பது நமக்குப் புதிதன்று. வாடையில் பண் திரிந்த யாழ் நரம்பை மகளிர் தம் மார்பின் வெம்மையால் சீர்செய்ததை நெடுநல்வாடை காட்டுகிறது. யாழுக்குக் கிடைத்த அச்சலுகை பந்துக்கு இல்லை: ஆட்டத்திற்காகப் பந்தை வேண்டுமென்றே சூடேற்றி அடிப்பதை கோல்ஃப் விதிகள் தடுக்கின்றன. உடலைச் சூடேற்றிக்கொள்ளத் தடையில்லை. ஒரு மட்டை கூட்டி எடுத்து, தொலைவைவிடத் திசையை நாடுவதே அறிவுடைமை.

எல்லாவற்றினும் மேலானது பொறுமை. உறைந்த புல்லை மிதித்தால் அதன் உயிரணுக்கள் உடைகின்றன. சில நாளில் காலடித் தடங்கள் கருகித் தெரியும். பனி உருகும்வரை காத்திருத்தல் ஆட்டத்தின் சடங்கன்று, நிலத்திற்கு நாம் செய்யும் கடமை. அதே உறைபனியில் இத்தலாரின் தேயிலைக் கொழுந்து கருகும்போது உழைப்பாளி இழப்பது கூலியும் விளைச்சலும். ஆடுபவர் இழப்பது பத்துக் கெஜம். அதற்கு மலையை நொந்துகொள்ள நமக்கு உரிமையில்லை.