அனாமத்துக் கணக்கில் ஒரு செட்டாப் பாக்ஸ்

"பாக்ஸ் போச்சு தம்பி, மாத்திடுங்க."

அயோத்தியாப்பட்டணத்தில் எங்க வீட்டு டிவி விட்டு விட்டு வர ஆரம்பிச்சப்போ கேபிள்கார அண்ணன் சொன்ன ஒரே வைத்தியம் இதுதான் மக்களே. அப்பா காசு கொடுத்து மாத்தினார். அடுத்த மழைக்கே படம் மறுபடி கட்டம் கட்டமா உடைஞ்சுது. தேடிப் பார்த்தா மொட்டை மாடி ஜாயிண்ட்டில் கனெக்டர் துருப்பிடிச்சுக் கிடக்கு. அதோட விலை ஒரு டீ காசு!

காமர்ஸ் மக்களுக்குச் சொன்னா சட்டுனு புரியும். இருப்பாய்வு டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவோம். அதனால பிழை திருந்திடுமா? எந்தப் பதிவில் தப்புன்னு தேடித்தான் ஆகணும். நம்ம ஊரில் செட்டாப் பாக்ஸ்தான் அந்த அனாமத்துக் கணக்கு. காரணம் தெரியாத எல்லாப் பழியும் அதுமேலதான்.

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறைய திரையில் புள்ளி விழும், முன்கூட்டியே தெரிஞ்சுடும். டிஜிட்டல் அப்படியில்லை. ஒரு அளவு வரை பளிச்சுன்னு இருக்கும், அதுக்குக் கீழே போனா உடைஞ்சு நின்னுடும். லைன் அந்த எல்லையில் ஊசலாடினா, ரிப்பேருக்கு ஆள் வரும் நேரம் பார்த்து நல்லாத்தான் ஓடும் :)

அதனால எப்போ போகுதுன்னு குறிச்சு வைங்க. மழைக்கு மட்டும் போனா ஒயர், ஜாயிண்ட் பாருங்க. ஒரு மணி நேரம் ஓடின பிறகு போனா பாக்ஸ் சூடாகுதா, அடாப்டர் சரியான்னு பாருங்க. ரெண்டாவது டிவிக்கு ஸ்ப்ளிட்டர் போட்ட பிறகு ஆரம்பிச்சதா? அது சிக்னலைப் பாதியா பிரிச்சிடும். தெருவே போனா கோளாறு உங்க வீட்டில் இல்லை.

சாஃப்ட்வேர் கோளாறும் உண்டு. 2022 நவம்பரில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பாக்ஸ்கள் மென்பொருள் பிரச்சினையால் ஒரே சமயத்தில் நின்னுச்சு. அன்னிக்கு வீட்டில் ஒயர், அடாப்டர் எதை மாத்தியிருந்தாலும் படம் வந்திருக்காது.

கேபிள்கார அண்ணனும் பாவம்தான், மழையில் கம்பம் ஏறுறவர். அதுக்காக ஊகத்துக்கு நாம ஏன் பணம் கட்டணும்? வேற ஒரு நல்ல பாக்ஸை இதே ஒயரில் மாட்டி ரெண்டு நாள் ஓட்டிக் காட்டட்டும். அது உடையாம ஓடினா, அப்போ கேட்கட்டும் காசு.