உடல்நலப் பகுதி: வேலைக்கு உதவும் பலம்

ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், உரலில் மா இடித்தோம், சைக்கிள் உழக்கினோம். அதற்கு நாம் உடற்பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. லண்டனில் குழாயைத் திறந்தால் தண்ணீர், தெருமுனையில் பஸ். 20 கிலோ அரிசிப் பையுடன் மூன்றாம் மாடி ஏறும்போதுதான் பலம் போனது தெரிகிறது.

அந்தப் பலத்தைத் திரும்பப் பெற இங்கு குழுப் பயிற்சி வகுப்புகள் உண்டு. 1999இல் ஹைட் பார்க்கில் 'பிரிட்டிஷ் மிலிட்டரி ஃபிட்னஸ்' என்ற பெயரில் திறந்தவெளி வகுப்புகள் தொடங்கின. இராணுவம் என்றாலே எங்கள் நெஞ்சு பதறும். ஆனால் அங்கு நடப்பது ஓடுதல், குந்தி எழும்புதல், தண்டால் போன்றவைதான். சிறிது நேரம் முழு வேகம், பிறகு ஓய்வு, மீண்டும் வேகம். தனியே என்றால் பாதியில் விட்டுவிடுவோம். பக்கத்தில் பத்துப்பேர் செய்தால் நாமும் செய்வோம்.

இது அழகுக்கான விஷயம் அல்ல. தெற்காசியர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துப் பயன்படுத்துகிறது. பெரியவர்கள் வாரத்தில் 150 நிமிடம் மிதமாகவோ 75 நிமிடம் கடுமையாகவோ இயங்க வேண்டும், 2 நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பது 2019இல் பிரித்தானிய தலைமை வைத்திய அதிகாரிகள் தந்த ஆலோசனை.

நீரிழிவு, இரத்த அழுத்தம், நெஞ்சுநோ உள்ளவர்கள் முதலில் ஜீபீயைக் கேளுங்கள். சில கவுன்சில்களில் அவருடைய சிபாரிசுடன் குறைந்த கட்டணத்தில் சேரலாம். பெண்களுக்கு மட்டுமான நேரமும் பல நிலையங்களில் உண்டு. முதல் நாளே மற்றவருடன் போட்டி போடாதீர்கள். மெதுவாகத் தொடங்குங்கள், ஆனால் இந்த வாரமே தொடங்குங்கள்.