வாசியாத விமர்சகரும் வாசிக்கும் பாமரனும்

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றம் யாது என வினவினால், தமிழைப் பாடமாகப் பயிலும் எந்த மாணவரும் தயங்காது விடை பகர்வார். ஆண்டு 1885; ஆசிரியர் சித்தி லெப்பை; நூல் 'அசன்பேயுடைய கதை'. பத்தாண்டு கழித்துத் திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' வந்தது என்பதையும், தமிழின் வரலாற்று நாவல்களுள் அது முற்பட்டது என்பதையும் சேர்த்துக் கூறுவார். அதன்பின், "அவற்றை வாசித்தீரா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்டவனையே ஐயத்தோடு நோக்குவார். வாசித்தல் என்பது அவ்வினாத்தாளில் இல்லாத வினா.

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவனல்லன். வணிகக் கணக்கோடு மல்லாடி வெளியேறியவன். மட்டக்குளியில் வசித்துக்கொண்டு, 155 ஆம் இலக்க பஸ் வண்டியில் வெள்ளவத்தை வரை போய் வரும் நேரத்திலும், இரவுச் சோற்றுக்குப் பின் எஞ்சும் ஒரு மணி நேரத்திலும் கைக்கு அகப்பட்டதை வாசிப்பவன். இத்தகையோரைத் திறனாய்வு நூல்கள் 'பொது வாசகன்', 'சராசரி வாசகன்', சிற்சில வேளைகளில் 'பாமர வாசகன்' எனக் குறிப்பிடுகின்றன. இச்சொற்களில் எதனையும் நான் மறுக்கவில்லை. ஆயின், அச்சொற்களின் பின்னே ஒளிந்துநிற்கும் ஏளனத்தை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். தமிழ்ச் சங்கத்து ஆண்டுமலரில் இதற்கு இடமளித்த இதழாசிரியர் குழுவினர், இதனால் விரிவுரையாளர்களின் முகச்சுளிப்பைச் சம்பாதிக்கமாட்டார்கள் என நம்புகின்றேன்.

எம்மீது சாட்டப்படும் குற்றங்கள் பழையவை. பொது வாசகன் இந்தியச் சரக்குகளிலே மயங்கிக் கிடப்பவன். கல்கியையும் சாண்டில்யனையும் தாண்டாதவன். ஈழத்து நூலைத் தொடாதவன். இன்றோ கைத்தொலைபேசி வந்தபின் எந்த நூலையுமே தொடாதவன். எனவே இலக்கியம் வாழாதிருப்பதற்கு அவனே காரணம். இவ்வாறு முடிவு கட்டிவிட்டால் எழுத்தாளருக்கும் நிம்மதி, விமர்சகருக்கும் நிம்மதி. நோயாளி இல்லாத இடத்தில் மருத்துவரை எவரும் குறை கூறுவதில்லை அன்றோ!

இக்குற்றச்சாட்டு உண்மையாயின், 1970களிலே நிகழ்ந்தவற்றை எங்ஙனம் விளக்குவது? அக்காலத்தில் இந்தியச் சஞ்சிகைகள் மீதும் நூல்கள் மீதும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. மட்டக்குளியிலிருந்து நகருக்குள் வரும் வழியில், கிராண்ட்பாஸ் வீதியிலே இருந்த வீரகேசரி நிறுவனம் மலிவுவிலையில் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிடத் தொடங்கியது. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் 1973 இல் அவ்வரிசையில் வெளிவந்தவை. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' அடுத்துவந்த ஆண்டில் மலையகத்தின் லயத்து வாழ்வை நாவலாக்கியது. பத்திரிகை போகும் வழியிலெல்லாம் இந்நூல்களும் போயின. பத்திரிகைக் கடையிலே, சோடாப் போத்தல்களுக்கும் வாழைக்குலைகளுக்கும் அருகே தொங்கின. வாங்கியோர் யார்? இலிகிதர், ஆசிரியர், கடைச் சிப்பந்தி, வீட்டுப் பெண்கள். ஒரு பிரதி பத்து வீடுகளுக்கு இரவல் போய், அட்டை கிழிந்து, பழுப்பேறித் திரும்பியது. கல்கியில் மயங்கிக் கிடந்ததாகச் சொல்லப்பட்ட அதே வாசகன்தான் தண்ணிமுறிப்புக் காட்டுக்குள்ளும் நுழைந்தான்.

கல்கி கிடைக்காததால் வேறு வழியின்றி நுழைந்தான் எனச் சிலர் வாதிப்பர். இருக்கலாம். கதவு அடைபட்டதும் அடுத்த வீட்டைத் தட்டினான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் அவன் விரும்பித் தங்கினான் என்பதை அதனால் மறுக்க முடியுமா? 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து, இந்தியச் சஞ்சிகைகள் மீளவும் குவிந்தபோது, அவனைத் தங்கவைத்த வீட்டார் என்ன செய்தனர் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. மலிவுப் பதிப்பு தளர்ந்தது. நூல் மீண்டும் ஆசிரியரின் சொந்தச் செலவில், ஐந்நூறு பிரதியாகவும் முந்நூறு பிரதியாகவும் அச்சாகித் தெரிந்தவர் வட்டத்துக்குள் சுருங்கியது. வாசகன் நூலைக் கைவிட்டான் என்பதிலும் பார்க்க, நூல் வாசகனைக் கைவிட்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது. மட்டக்குளியில் அப்பியாசக் கொப்பியும் கடந்தகால வினாத்தாள்களும் விற்கும் கடைகள் பல உண்டு. ஈழத்து நாவலொன்று தொங்கும் கடை என் கண்ணிற் பட்டதில்லை. செட்டியார் தெருவுக்கோ வெள்ளவத்தைக்கோ போனாலன்றி அது கிடையாது.

டொமினிக் ஜீவா இதனை உணர்ந்திருந்தார். 1966 இல் யாழ்ப்பாணத்திலே 'மல்லிகை'யைத் தொடங்கிய அவர், இதழைத் தாமே சுமந்து சென்று வீதியிலும் பேருந்து நிலையத்திலும் விற்றார். பிற்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு இடம்பெயர்ந்த பின்னும் அவ்வழக்கம் விட்டுப்போகவில்லை. ஏறத்தாழ நானூறு இதழ்கள் வந்தன. அவர் நடத்திய இலக்கியக் கோட்பாட்டை நாம் ஏற்கலாம், ஏற்காது விடலாம். இதழை வாங்குபவனின் முகத்தை அவர் அறிந்திருந்தார். இன்று எழுதுவோரில் எத்தனை பேர், தம்மை அறியாத ஒருவன் தம் நூலுக்குக் காசு கொடுப்பதைக் கண்ணாற் கண்டிருப்பார்கள்?

இவ்விடத்திலே பழைய விவாதங்களையும் சற்று நினைவுகூர வேண்டும். 1960களில் பேச்சுமொழியில் எழுதுவதை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் ஒரு சாரார் பழித்தனர். மக்கள் மொழியே இலக்கியமாகும் என முற்போக்காளர் எதிர்த்து நின்றனர். பின்னர் எஸ். பொன்னுத்துரை அவர்களிடமிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்றார். மு. தளையசிங்கம் இரு சாராரையும் விசாரணைக்கு உட்படுத்தினார். இவற்றால் விளைந்த நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. டானியலும் ஜீவாவும் எழுதிய மொழி இன்று எவருக்கும் கூச்சந்தருவதில்லையெனின், அப்போராட்டமே காரணம். ஆயினும் அக்கட்டுரைகளை இன்று அடுத்தடுத்து வாசிக்கும் என்போன்றோர்க்கு ஒன்று உறுத்துகின்றது. எல்லோரும் வாசகன் சார்பிலேதான் பேசினர். வாசகனை ஒருவரும் பேசவிடவில்லை.

இப்பழக்கம் இன்று வெளியீட்டு விழா என்னும் சடங்காக முதிர்ந்துவிட்டது. மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஆய்வுரை, ஏற்புரை. முதற் பிரதியைப் புரவலரொருவர் பெறுவார். சிறப்புப் பிரதிகளைப் பெறுவோர் வரிசையாக மேடையேறி, கடித உறையை நீட்டி, படத்துக்கு முகங்காட்டி இறங்குவர். உறைக்குள் இருக்கும் பணம் நூலின் விலையன்று, மொய். இவ்விழாக்களில்லையேல் அச்சகத்துக் கடனை அடைக்கவியலாது என எழுத்தாள நண்பர்கள் சொல்வதை நான் நம்புகின்றேன். கடனடைப்பதை எவரும் குறை கூறார். ஆனால் விழாவோடு நூலின் வாழ்வு முடிந்துவிடுவதே கொடுமை. அண்மையில் இத்தகைய விழாவொன்றிலே, சிறுகதைத் தொகுதி பற்றி முக்கால் மணி நேரம் ஆய்வுரை நிகழ்த்தியவரின் அருகில் அமர்ந்திருந்தேன். கூட்டம் முடிந்ததும், அவர் கையிலிருந்த பிரதியை ஆவலோடு வாங்கிப் புரட்டினேன். அச்சகத்தில் வெட்டுப்படாத பக்கங்கள் வெட்டுப்படாமலே இருந்தன. முன்னுரை மாத்திரம் அடிக்கோடிடப்பட்டிருந்தது. அவருடைய உரையிலே ரோலன் பார்த்தும் வந்தார், பின்னவீனத்துவமும் வந்தது. கதைமாந்தர் ஒருவர்தானும் வரவில்லை.

கோட்பாடு வேண்டாமென்று நான் கூறுவதாக எவரும் திரித்துவிடலாகாது. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968 இல் வந்தது. அதிலுள்ள முடிவுகள் சிலவற்றோடு எனக்குப் பிணக்குண்டு. பொழுதுபோக்கு நாவல்களை அவர் தள்ளிவிடும் வேகம் எனக்கு ஒவ்வாதது. ஆனால் அவர் தள்ளியவற்றை வாசித்துவிட்டுத் தள்ளினார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகின்றது. அதற்கு முன்னர் தினகரனின் ஆசிரியராக இருந்தவர், பெயரறியாத இளைஞர்கள் அனுப்பிய கையெழுத்துப் பிரதிகளின் முதல் வாசகராக இருந்தவர். விமர்சகராவதற்கு முன் வாசகராயிருந்தார் எனலாம். இன்று பல்கலைக் கழகங்களில் நிகழ்வது இதற்குத் தலைகீழ். முதலாம் ஆண்டிலேயே மாணவருக்கு விமர்சனக் கலைச்சொற்கள் கைவந்துவிடுகின்றன. நாவலைக் காண்பதற்கு முன்பே அதன் 'போதாமை'யைக் கண்டுவிடுகின்றனர். நூலுக்குப் பதிலாக நூலைப் பற்றிய குறிப்பு. குறிப்புக்குப் பதிலாக, சென்ற ஆண்டு மாணவர் எடுத்த குறிப்பின் போட்டோப் பிரதி.

பாமர வாசகன் வேறென்ன தந்துவிடுவான் என்பீர்களாயின், என் மேசையிற் கிடப்பவற்றைச் சொல்கின்றேன். இவை நயவுரைகளல்ல.

'அசன்பேயுடைய கதை'யை மறுபதிப்பொன்றில் வாசித்தேன். எகிப்திலே பிறந்த பிள்ளை பம்பாய், கல்கத்தா என அலைகின்றான். இலங்கையின் முதல் தமிழ் நாவலிலே இலங்கையைத் தேடுவோர் ஏமாந்து போவர். எனக்கோ அதுவே பிடித்தது. கண்டியிலிருந்த வழக்கறிஞர், 'முஸ்லிம் நேசன்' நடத்தியவர், தம் சமூகத்துப் பிள்ளைகள் ஆங்கிலங் கற்கவேண்டும், உலகைக் காணவேண்டும் என அங்கலாய்த்தவர். அந்த அங்கலாய்ப்பே அசனைக் கடல் கடக்கவைக்கின்றது. பாத்திர வார்ப்பு மெல்லியதுதான். ஆயினும் துறைமுகத்தை அண்டி வாழும் எம்போன்றோர்க்கு, கப்பலேறும் கதை அந்நியமாகத் தோன்றவில்லை.

'பஞ்சமர்' 1972 இல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையையும் அதற்கெதிரான எழுச்சியையும் டானியல் அதில் எழுதினார். எனது வாசிப்பு இருமுறை தடைப்பட்டது. ஒருமுறை, மாந்தர் மேடையிற் பேசுவதுபோற் பேசத்தொடங்கியபோது சலிப்பினால். மறுமுறை வெட்கத்தினால். என் பாட்டனார் வீட்டு முற்றத்திலே யார் எதுவரை வரலாம் என்றொரு எல்லை இருந்தது. அதை எவரும் கோடிட்டு வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாவலின் கலைக்குறைபாடு பற்றிப் பேசும் கட்டுரைகளைப் பின்னர் தேடி வாசித்தேன். அவற்றில் எனது சலிப்புக்கு விளக்கம் கிடைத்தது. வெட்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

'நிலக்கிளி'யை மூன்றாம் முறையாக வாசிக்கின்றேன். கதிராமனும் பதஞ்சலியும் வாழும் அந்த வன்னிக் காட்டுப்புறம் நான் காணாதது. 2009 வரை நீடித்த யுத்தம் அப்பிரதேசத்தை என்ன செய்தது என்பதை அறிந்தபின், நாவலின் சில சாதாரண வருணனைகளைக்கூடச் சாதாரணமாக வாசிக்க முடிவதில்லை. ஆசிரியர் கருதாத பொருள் காலத்தினால் ஏறிவிட்டது. நடுவே 'பொன்னியின் செல்வன்' ஒரு பாகமும் கிடக்கின்றது. அதனை ஒளித்துவைக்க நான் விரும்பவில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் மக்களைக் காத்திருக்கவைத்த ஒருவரிடம், அடுத்த பக்கத்தைப் புரட்டவைப்பது எப்படி என்பதையேனும் எமது எழுத்தாளர் கற்றுக்கொள்ளலாம்.

நூல்கள் கிடைப்பதில்லை என்ற சமாதானமும் இனிச் செல்லாது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலே ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும், எமது பல்கலைக் கழக மலர்கள் உட்பட, எவரும் இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன. தன்னலங் கருதாதோர் பக்கம் பக்கமாக ஒளிப்படியெடுத்து ஏற்றிவைத்தவை அவை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். தொண்ணூற்றேழாயிரம் என்னும் எண்ணை எம்மிற் பலர் மனனமாக அறிவர். அதே நாட்களில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் ஈழநாடு அலுவலகமும் தீக்கிரையாகின. அத்துயரை நான் சிறுமைப்படுத்தவில்லை. எரிந்தவற்றின் தொகையைச் சொல்லத் தெரிந்த நாம், எரியாது தப்பியவற்றுள் எத்தனையை இவ்வாண்டு திறந்தோம் என்று என்னையே கேட்டபோது, விடை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோரின் விடை என்னதிலும் பெரிதாயிருக்கும் என எதிர்பார்ப்பது தவறாகுமா?

விரிவுரையாளர்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. ஆண்டுக்கு ஒரு நாவலையேனும், முழுமையாக, குறிப்பின்றி, மாணவரை வாசிக்கச் செய்யுங்கள். வாசித்தபின் 'இந்நாவலின் சமூகப் பின்புலத்தை ஆராய்க' என்று கேளாது, எவ்விடத்தில் நூலை மூடிவைக்கத் தோன்றியது, ஏன், என்று கேளுங்கள். அந்த வினாவுக்குக் குறிப்புக் கொப்பியிலிருந்து விடை எழுத முடியாது. தமிழ்ச் சங்கத்தாரும் அடுத்த முத்தமிழ் விழாவுக்குப் பந்தலிடும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, இரவல் கொடுக்கும் அலுமாரியொன்றை மண்டப வாயிலிலே வைக்கலாம். பூட்டு வேண்டாம். களவு போகுமென அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன்: ஈழத்து நாவலைத் திருட ஒருவன் முன்வருவானாயின், அவனைத் தேடிப்பிடித்து அடுத்த ஆண்டு இதழாசிரியராக்குங்கள்.

அலுமாரி வரும்போது எனது 'நிலக்கிளி'ப் பிரதியைத் தருகின்றேன். பின்னட்டை இல்லை, சில பக்கங்களில் தேநீர்க் கறை உண்டு, இடையே செருகியிருக்கும் பஸ் சிட்டைகளை எடுத்துவிட வேண்டாம்.