வுச்சீரியாக் கடிதம்: கொரியச் சட்டத்தரணியும் எங்கள் வழக்கும்



எங்கள் வுச்சீரியாவில் மூன்றாம் மாடி வீடொன்றுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தாயார். ஊர் மிளகாய்த்தூள் கொஞ்சம் கையிலிருந்தது. அதை எடுத்துக்கொண்டு சென்ற ஞாயிறு பின்னேரம் அவர்களைப் பார்க்கப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. ஆனால் "வாங்கோ" என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. ஐந்து பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள்.

"ஒரு நிமிசம் பொறுங்கோ அண்ணை, தீர்ப்புச் சொல்லப் போறாங்கள்" என்றார் வீட்டுக்காரத் தம்பி.

நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஓடிக்கொண்டிருந்தது ஒரு கொரிய நாடகம். பேச்சு கொரிய மொழி, கீழே ஓடுவது இத்தாலிய எழுத்து. மூத்த பிள்ளை அதை வாசித்து அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மம்மாவுக்கு அதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. "இஞ்சை பாருங்கோ தம்பி, இந்தப் பெட்டையும் தேப்பனை 'அப்பா' எண்டுதான் கூப்பிடுது. பிறகென்ன, எங்கட ஆக்கள்தானே" என்றார்.

உண்மைதான். கொரிய மொழியிலும் பிள்ளைகள் அப்பாவை 'அப்பா' என்றும் அம்மாவை 'ஒம்மா' என்றுமே கூப்பிடுகிறார்கள். ஆனால் இந்த நாடகங்களுக்கு முன்னால் எங்கள் சனத்தைக் கட்டிப்போட்டிருப்பது அந்த ஒரு சொல் மட்டும்தானா?

அன்று ஓடிய நாடகம் 2022 ஆம் ஆண்டு வெளிவந்தது. 'எக்ஸ்ட்ராஓர்டினரி அட்டர்னி ஊ' என்பது அதன் ஆங்கிலப் பெயர். 16 பகுதிகள். ஊ யொங்-ஊ என்ற இளம் பெண் சட்டத்தரணிதான் கதாநாயகி. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் தன் பெயர் ஒன்றுதான் என்று சொல்லித்தான் அவள் தன்னை அறிமுகம் செய்துகொள்வாள், எங்கள் 'விகடகவி' மாதிரி. அவள் ஓட்டிசம் உள்ளவள். தகப்பன் கிம்பாப் கடை வைத்து, தாயில்லாத பிள்ளையாக அவளை வளர்த்தவர். கண்ணைப் பார்த்துக் கதைக்க அவளுக்கு வராது. சட்டப் புத்தகம் முழுவதும் மனப்பாடம். கொரியாவில் முதல் பகுதிக்கு 0.9 வீதமாக இருந்த பார்வையாளர் அளவு கடைசிப் பகுதியில் 17.5 வீதமாக உயர்ந்தது.

நீதிமன்றக் கதை எங்களுக்குப் புதிதல்ல. உடைத்துக் காட்டிய சிலம்பில் முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்ததே, அதைவிடப் பெரிய சான்றுப்பொருள் எந்த நாடகத்தில் வந்தது? கண்ணகியைத் தெய்வமாக வைத்துப் பொங்கிப் படைப்பவர்கள் நாங்கள். 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சி 1952 இலிருந்து வாய்க்கு வாய் வந்துகொண்டிருக்கிறது. 1984 இல் வந்த 'விதி' படத்தின் வசனத்தை ஒலிநாடாவில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வேலி ஒரு முழம் தள்ளிப் போட்டதற்கு இருபது வருடம் கோடு ஏறிய ஊர்க்காரருக்கு வழக்குப் பார்ப்பது அலுக்குமா?

ஆனால் கொரிய நாடகங்களில் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் படங்களில் கதாநாயகன் எழுந்து நின்று நெஞ்சு வெடிக்கப் பேசுவான். சனம் அழும். வழக்கு வெல்லும். இவர்கள் காகிதத்தைத்தான் புரட்டுகிறார்கள். எந்தச் சொல் எங்கே எழுதப்பட்டது, யார் அதில் கையெழுத்து வைத்தார், என்ன திகதி என்று நுணுக்கமாகத் தேடுகிறார்கள். ஒரு பகுதியில், ஊரை ஊடறுத்து வரும் ஒரு வீதிக்கு எதிராகக் கிராமத்துச் சனம் வழக்குப் போடுகிறது. ஊருக்கு மேலே நிற்கும் பழைய மரமொன்று கடைசியில் ஊரைக் காப்பாற்றுகிறது. நாடகத்துக்காகப் படமெடுத்த அந்த மரம், சாங்வொன் நகரத்தில் உண்மையாகவே நிற்கிறது. ஏறக்குறைய 500 வயது. நாடகம் முடிந்த பிறகு, 2022 ஒக்டோபரில், கொரிய அரசு அதை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. காணியையும் வளவையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தப் பகுதியைக் கண் கலங்காமல் பார்ப்பது கடினம்.

எங்களுக்கு இந்தக் கதைகள் இனிக்கக் காரணம் ஒன்று இருக்கிறது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். அது அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு உலகமறிந்தது. தான் விளங்கிக்கொள்ளாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை வைத்து 1995 இல் அவருக்கு 50 வருடச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 வருடமானது. அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004 இல் சொன்னது. இலங்கையின் உயர் நீதிமன்றமோ 2006 இல் அதை ஏற்க மறுத்துவிட்டது. வாயிருந்தும் கேட்க ஆளில்லாமல் இருந்த சனத்துக்கு, ஓர் ஏழைக் கிழவிக்காக ஒரு சட்டத்தரணி இரவு முழுவதும் கண் விழித்துக் கோவை புரட்டுவதைப் பார்ப்பது பசித்தவன் சோறு பார்ப்பது போலத்தான்.

தீர்ப்பு முடிந்தது. தேத்தண்ணி வந்தது. அப்போதுதான் தம்பி தன் கதையைச் சொன்னார். அடுத்த மாதம் அவருக்கு அகதி விண்ணப்ப ஆணைக்குழுவில் விசாரணை. "நானும் அந்தப் பெட்டை மாதிரிக் கதைக்கத்தான் போறன் அண்ணை. சிலர் சொல்லுகினம், உள்ள கதை காணாதாம், கொஞ்சம் கூட்டிச் சொல்லட்டாம். ஒரு ஆள் எழுதியே தந்திருக்கிறார்" என்று மடித்த தாளொன்றைக் காட்டினார். தேத்தண்ணி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"தம்பி, ஆறாம் பகுதி பார்த்தனீரோ?" என்று கேட்டேன்.

அந்தப் பகுதியில் வருபவள் வடகொரியாவிலிருந்து தப்பி வந்த ஒரு தாய். எங்களைப் போல ஊரை விட்டு ஓடி வந்தவள். கடன் காசு கேட்கப் போன இடத்தில் நடந்த அடிதடிக்காக அவள்மேல் கடுமையான வழக்கு. கைக்குழந்தை தன்னை மறந்துவிடக் கூடாது என்று, குழந்தைக்கு அறிவு தெரியும்வரை ஐந்து வருடம் மறைந்திருந்து வளர்த்துவிட்டு, தானாக வந்து சரணடைகிறாள். இளம் சட்டத்தரணிகள் இரண்டு பேரும் என்னென்னவோ கெட்டித்தனமான வாதமெல்லாம் வைக்கிறார்கள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அவளைக் காப்பாற்றுவது, அவள் தானாக வந்து சரணடைந்தாள் என்ற ஒரே ஓர் உண்மை. சட்டத்தரணிகள் அதை வாதமாக வைக்கவே மறந்துபோனார்கள். நீதிபதிதான் அதைக் கணக்கில் எடுத்துச் சிறைக்குப் போகாமல் விடுகிறார்.

"கூட்டிச் சொன்னதாலே தப்பினவளோ? நடந்ததைச் செய்ததாலே தப்பினவள்" என்றேன். தம்பி தாளை மடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

என் சொந்த அனுபவத்தையும் சொன்னேன். முன்பெல்லாம் ஐரோப்பியர் அல்லாதவர்கள் இத்தாலியில் அகதிக் கோரிக்கை வைக்கப் பொதுவாக வழியே இருக்கவில்லை. 1990 இல் மார்த்தெல்லி சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. என்னை விசாரித்தபோது, "அண்ணையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்று சொன்னேன். நான் சொன்ன அண்ணை, பெரியப்பாவின் மகன். மொழிபெயர்த்தவர் கூடப்பிறந்தவர் என்று சொல்லிவிட்டார். பிறகு குடும்பப் பத்திரம் கொடுத்தபோது அந்த அண்ணன் அதில் இல்லை. பொய் சொன்னவன் என்ற பெயரைத் துடைக்க எனக்கு வருடக்கணக்கானது. ஆகவே, புதிதாக வந்தவர்கள் கவனியுங்கள். அண்ணன், மாமா, சித்தி என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரியப்பாவின் மகன், அம்மாவின் தம்பி என்று உறவைப் பிரித்துச் சொல்லுங்கள். திகதி நினைவில்லையென்றால், 'மாரி காலம்', 'நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறகு' என்று நினைவிலிருப்பதைச் சொல்லுங்கள். ஊகித்துத் திகதி சொல்ல வேண்டாம். மொழிபெயர்ப்பாளரின் பேச்சு விளங்காவிட்டால் அதை உடனே, அந்த இடத்திலேயே சொல்லுங்கள். முடிவில் நீங்கள் சொன்னதை வாசித்துக் காட்டுவார்கள். பிழையிருந்தால் திருத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. களைத்துப்போய், 'எல்லாம் சரி' என்று கையெழுத்து வைத்துவிடாதீர்கள். சட்டத்தரணியோடு போகலாம். விண்ணப்பத்தை மறுத்தால் நீதிமன்றம் போகலாம். அதற்கு வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் சட்டத்தரணி உண்டு. இத்தாலிய அரசியலமைப்பின் 24 ஆம் பிரிவே ஏழைகளுக்கும் வழக்காட வழி செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் மறுப்புக் கடிதம் வந்தால் நாட்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அன்றைக்கே ஆளைத் தேடுங்கள்.

இதற்கிடையில் சின்னவன் வேறு நாடகம் போட்டுவிட்டான். 2021 இல் வந்த 'வின்சென்சோ'. எங்கள் பெடியங்களுக்கு அதில் தனிப் புளுகம், ஏனென்றால் அது 'எங்கட' இத்தாலிக் கதை. கொரியாவில் பிறந்து, இத்தாலியில் தத்தெடுத்து வளர்க்கப்பட்டு, மாபியாவின் சட்டத்தரணியான ஒருவன் சியோலுக்குத் திரும்பிப் போய், கெட்டவர்களைக் கெட்ட வழியாலேயே அழிக்கிறான். சொங் ஜூங்-கி நடித்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. "மாபியா எண்டால் நல்ல ஸ்ரைல் என்ன மாமா?" என்று பொடியன் கேட்டான்.

பலெர்மோவில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைச் சும்மா விட முடியாது. யன்னலைத் திறந்து காட்டினேன். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கால்சாப் பகுதி. அங்கே பிறந்து வளர்ந்த இரண்டு பேர், ஜோவான்னி பல்கோனே, பாவோலோ போர்செல்லினோ. நீதித்துறையில் வேலை செய்தவர்கள். அவர்கள் எழுதி எழுதிச் சேர்த்த கோவைகளால்தான் 1986 பெப்ரவரியில் ஊச்சார்தோனே சிறைக்குப் பக்கத்தில் கட்டிய நீதிமன்றத்தில் மாபெரும் வழக்குத் தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 475 பேர். 1987 டிசம்பரில் தீர்ப்பு: 19 ஆயுள் தண்டனைகள், மற்றவர்களுக்கு மொத்தம் 2,665 வருடச் சிறை. 1992 மே 23 அன்று பல்கோனேயை, மனைவியோடும் மூன்று காவலர்களோடும் குண்டு வைத்துக் கொன்றார்கள். 57 நாள் கழித்து, ஜூலை 19 அன்று, போர்செல்லினோவையும் ஐந்து காவலர்களையும். பல்கோனே வாழ்ந்த வீட்டுக்கு முன்னால், நொத்தார்பார்த்தோலோ வீதியில், ஒரு மரம் நிற்கிறது. சனம் இன்றைக்கும் அதில் கடிதம் கட்டிவிட்டுப் போகிறது.

"அந்த ஸ்ரைல்காரர் கொன்றது இவர்களைத்தான் மகன்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அந்த மரத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டான்.

நாடகங்களைப் பாருங்கள், வாசகர்களே. வேலையால் களைத்து வரும் உடம்புக்கு அது ஆறுதல். பிள்ளைகளின் இத்தாலியனும் திருந்தும். ஆனால் வழக்கு வெல்வதாக நாடகத்தில் காட்டும் ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னால் எத்தனை இரவு கோவை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்த நாட்டு நீதிமன்றங்களில் நீதிபதியின் தலைக்கு மேலே 'சட்டம் எல்லோருக்கும் சமம்' என்று எழுதியிருக்கும். அது தானாக நடப்பதில்லை. உண்மையைச் சொல்லும் வாயும், அதைச் சரியாக எழுதும் கையும் வேண்டும்.

நடக்கவே நடக்காத காரியத்தை, 'வுச்சீரியாவின் கல் காயும்போது பார்க்கலாம்' என்று பலெர்மோச் சனம் சொல்லும். மீன் கடைத் தண்ணீரில் எங்கள் தெருக் கற்கள் எப்போதும் ஈரமாகவே கிடந்த காலத்துப் பேச்சு அது. இப்போது கடைகள் குறைந்து, பகலில் கற்கள் காய்ந்துதான் கிடக்கின்றன.

இறங்கி வரும்போது தம்பியும் கூடவே வாசல்வரை வந்தார். அந்த மடித்த தாளை என் கையில் தந்து, "இதை நீங்களே கிழிச்சுப் போடுங்கோ அண்ணை" என்றார். நான் கிழிக்கவில்லை. அவரையே கிழிக்கச் சொன்னேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.